அந்தப் படத்தில் பிரின்ஸி எங்கே பார்க்கிறாள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஊக்கம் தரும்படி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி மையத்திலிருந்து கேட்டார்கள். ஊக்கம் வேண்டுமென்றால் ஆள் தப்பு. காது கேளாத பிள்ளைகளுக்குத் தாளமும் சுரமும் வைத்துக் கேட்கப் பழக்கும் இந்த வேலைக்கு 2004இல் வந்து, ஓய்வுபெறும்வரை இருந்தேன். இப்போது என்னிடம் மிச்சமிருப்பது பெரும்பாலும் எரிச்சல்தான். அதைத்தான் எழுதப்போகிறேன். பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிடுங்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் வரவேற்பறைச் சுவரில் ஒரு பெரிய படம் இருக்கிறதல்லவா? நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்பிள்ளை, தட்டுவதற்காக விரித்த இரண்டு கைகள். அவளுக்குப் பின்னால் கழுத்தில் டோலக்கோடு நிற்கிற தடித்த பெண்மணி நான்தான். கீழே ‘எனக்குக் கேட்கிறது!’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சேர்ந்த அன்று நீங்கள் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். அந்தப் பிள்ளை கேமராவைப் பார்க்கவில்லை. இடது பக்கம், படத்துக்கு வெளியே இருக்கும் யாரையோ பார்க்கிறாள். யாரை என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு பீடிகையும்.

எனக்கு இந்த வேலையைச் சொல்லித்தந்தவர் அப்போது மையத்தின் பொறுப்பாளராக இருந்தவர். பெயர் வேண்டாம், சார் என்றே வைத்துக்கொள்வோம். என்னைவிட வயதில் இளையவர். நான் இருந்த பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பைத் தூக்கிவிட்டு அந்த நேரத்தையும் கணக்குக்குக் கொடுத்தபோது, என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற என்னைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். ராகமும் தாளமும் தெரிந்தால் போதும் என்ற மிதப்பில் போனேன். முதல் வாரமே மூக்கை உடைத்தார்.

“டீச்சர், மேல் ஸ்தாயி வாசிக்கும்போ உங்க புருவம் மேல போகுது. பிள்ளை எங்க ஆர்மோனியத்தைக் கேட்டுது? உங்க புருவத்தைப் பாத்துல்லா கையத் தூக்குது?”

நான் இல்லை என்று சண்டைக்குப் போனேன். அவர் ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து என் எதிரே வைத்தார். அதோடு என் மானம் போயிற்று.

உங்களுக்கும் புருவம் உயரும். உயராது என்று யாரும் சத்தியம் பண்ண வேண்டாம். உயர்ந்த சுரத்துக்குப் பிள்ளை தலையில் கை வைக்க வேண்டும், தாழ்ந்த சுரத்துக்கு முட்டில். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு புன்னைக்காயைத் தேங்காய்ச் சிரட்டையில் போட வேண்டும். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் கேட்காத பிள்ளைக்கு உலகத்தில் கண்ணை விட்டால் வேறு துணை இல்லை. உங்கள் தோள், நிழல், மூச்சு எல்லாவற்றையும் அது படித்துவிடும். கறுப்புத் துணி கட்டிய வளையத்தால் முகத்தை மறைக்கவும், நிழல் விழாமல் பின்னால் நிற்கவும், பிள்ளை தப்பாகச் செய்யும்போது விட்டுவிட்டுச் சரியாகச் செய்யும்போது சந்தேகப்படவும் எனக்குப் பழக்கியவர் சார்தான். அதனால்தான் பிற்பாடு அவர் செய்ததை என்னால் இன்றைக்கும் விழுங்க முடியவில்லை.

அப்போது மையம் இந்தப் புதுக் கட்டடத்தில் இல்லை. திங்கள்சந்தைப் பக்கம் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது. பழைய காலத்து மரப்பலகைத் தரை. நடந்தால் கிறீச்சிடும். அந்தத் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்துதான் எல்லாப் பிள்ளைகளும் தாளம் பழகின.

பிரின்ஸி கடியப்பட்டணத்துப் பிள்ளை. வரும்போது நாலு வயதுகூட ஆகவில்லை. அப்பா கொச்சிப் பக்கம் விசைப்படகில் தங்கித் தொழில் செய்கிறவர், எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவார். அம்மா செலின் மீன் விற்கிறவள். மீன் விற்று முடிந்த சருவப் பாத்திரத்தைக் கீழே படியடியில் கவிழ்த்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவாள். நாங்கள் யாரும் அவளை அப்படிச் செய்யச் சொன்னதில்லை.

பிள்ளையின் இரண்டு காதிலும் கருவி மாட்டினோம். சில மாதத்தில் தாளத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. நான் டோலக்கைத் தரையில் வைத்து, துணி வளையத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, எப்படித் தட்டினாலும் அப்படியே திருப்பித் தட்டுவாள். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. மூன்று, ஒன்று, மூன்று. கண்ணை மூடச் சொன்னாலும் தட்டினாள். சுரப்பயிற்சியில் மட்டும் தடுமாறினாள், அது போகப்போக வரும் என்றார் சார். வருகிறவர் போகிறவர் முன்னால் எல்லாம் பிரின்ஸியைத்தான் உட்கார வைத்தோம். அவர்கள் கைதட்டுவார்கள். ஓரத்தில் நிற்கும் செலின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் அப்படிக் கைதட்டியதில்லை.

2012 வாக்கில் மாடித் தரையைச் செல் அரித்துவிட்டது. ஆசாரிகள் பலகை மாற்றும்வரை வகுப்பைக் கீழே, சிமெண்டுத் தளத்தில் நடத்தினோம். முதல் நாள் பிரின்ஸி ஒரு தட்டுக்கும் கை அசைக்கவில்லை. புன்னைக்காயை விரலில் பிடித்தபடி என் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“இண்ணைக்குப் பிடிவாதம். பழகாத இடம் பாருங்க” என்றார் சார்.

மறுநாளும் அதே பிடிவாதம். அதற்கு மறுநாளும். மேலே ஒரு மூலையில் பலகை பிரிக்காமல் இருந்தது. ஆசாரிகள் சாப்பிடப் போன நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அதில் உட்காரவைத்து, டோலக்கைத் தரையில் வைத்துத் தட்டினேன். அச்சுப் பிசகாமல் திருப்பித் தட்டினாள். டோலக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவளை நாற்காலியில் கால் தொங்க உட்காரவைத்து, பின்னால் நின்று அதே தாளத்தைத் தட்டினேன். ஒன்றும் இல்லை. அடித்தேன். ஓங்கி அடித்தேன். பிள்ளை ஜன்னலுக்கு வெளியே நின்ற காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை நாளும் தாளத்தை அவள் உள்ளங்காலில் வாங்கியிருக்கிறாள். பலகை அதிர்வதை எண்ணி எண்ணித் தட்டியிருக்கிறாள். காதில் கருவி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கவனி, கவனி என்று தினமும் அவளை விரட்டினோம், அந்தப் பிள்ளையும் தன்னிடம் இருந்ததை எல்லாம் வைத்துக் கவனித்தது. கவனிக்க வேண்டியது சத்தத்தை என்று சத்தமே தெரியாத பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். காதுக்குள் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை அப்போது அரசுக் காப்பீட்டில் இலவசமாகக் கிடைத்தது. மாட்டுகிற கருவியால் பலன் இல்லாத பிள்ளைகளுக்குத்தான் கொடுப்பார்கள், அதுவும் ஆறு வயது முடிவதற்குள். பலன் உண்டா இல்லையா என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். பிரின்ஸிக்கு நல்ல பலன் என்று சொல்லி வைத்திருந்தோம். அவளுக்கு ஆறு முடிய அதிக காலம் இல்லை.

சாரிடம் ஓடினேன். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்கிறவர் அவர்.

“டீச்சர், அடுத்த வாரம் டாக்டர் வாறார். கூடவே நமக்குப் புதுக் கட்டடம் கட்டித் தாறவங்களும் வாறாங்க. அவங்க பிரின்ஸிய வீடியோவில பாத்துட்டுத்தான் வாறாங்க. இந்த வீட்டில இன்னும் எத்தனை பிள்ளைய அடைக்க முடியும்? சொல்லுங்க.”

“டாக்டர் அண்ணைக்குத்தானே ஆப்பரேஷனுக்குப் பிள்ளைகளத் தேர்ந்தெடுப்பார்? அதுக்கப்புறம் அடுத்த முகாம் எப்ப வருமோ. அதுக்குள்ள இவளுக்கு வயசு தாண்டிரும்.”

“பாத்துக்கிடலாம்” என்றார்.

என் அனுபவத்தில் இந்த வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பார்க்கப்போவதில்லை.

இனி நான் செய்ததைக் கேளுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்றும் யோசியுங்கள். டாக்டரைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். வந்த அன்று அவரை வாசலிலிருந்தே சார் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மாடியில் புதுப் பலகை, புது ஜமுக்காளம், சுவரெல்லாம் காகிதத் தோரணம். விருந்தாளிகள் நாற்காலியில், அம்மாமார் எதிரே ஜமுக்காளத்தில். பிரின்ஸியை நடுவில் தரையில் உட்காரவைத்து, டோலக்கையும் தரையில் வைத்து, “ஆரம்பிங்க டீச்சர்” என்றார் சார். ஒரு நொடி யோசித்தேன். பிறகு டோலக்கை எடுத்துக் கழுத்தில் மாட்டினேன். பிள்ளையைத் தூக்கி ஒரு நாற்காலியில் உட்காரவைத்தேன். அவள் கால் தரையைத் தொடவில்லை. அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

சாரின் முகம் வெளுத்துப் போயிற்று.

இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. பிள்ளை அசையவில்லை. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, ஆனால் தலை ஒவ்வொருவராகத் தேடித் திரும்புவது தெரிந்தது. விருந்தாளிகள், டாக்டர், சார். மறுபடியும் தட்டினேன். ஒன்றும் இல்லை. அவ்வளவுதான், வேலை முடிந்தது, இனி யாரும் மறைக்க முடியாது என்று நினைத்து மூன்றாவது தடவை தட்டினேன். பிரின்ஸி தட்டினாள். இரண்டு, ஒரு நிறுத்தம், ஒன்று. துல்லியமாக.

இது எப்படி? தாளத்தை மாற்றினேன். அதையும் தட்டினாள். அப்போதுதான் எதிரே பார்த்தேன். ஜமுக்காளத்தின் ஓரத்தில் செலின் உட்கார்ந்திருந்தாள். கண் என் கையில். என் கை டோலக்கில் விழும்போதெல்லாம் அவள் தாடை லேசாக இறங்கி ஏறியது. பிள்ளை அந்தத் தாடையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கூடமே கைதட்டியது. போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்து எடுத்ததுதான் நீங்கள் சுவரில் பார்க்கிற படம்.

நான் விடவில்லை. “டாக்டர், பிள்ளை அம்மாவைப் பாத்துத் தட்டுது. அம்மாவை வெளிய நிறுத்திட்டு இன்னொரு தடவை பாத்துருவோம்” என்றேன். கைதட்டல் நின்றது. சார் எழுந்து, “டீச்சர், பிள்ளைய இறக்குங்க. அடுத்த பிள்ளை வரட்டும்” என்றார். அத்தனை பேர் முன்னால் அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

டாக்டர் நல்ல மனிதர். அவசரத்திலும் யோசித்தார். நேராகச் செலினைப் பார்த்துக் கேட்டார். “அம்மா, நீங்க சொல்லுங்க. வீட்டுல பின்னால நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டா பிள்ளை திரும்பிப் பாக்குதா?”

செலின் என்னைப் பார்த்தாள். சாரைப் பார்த்தாள். தோரணத்தைப் பார்த்தாள்.

“திரும்பும் டாக்டரே” என்றாள்.

அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு படியடியில் அவளைப் பிடித்துக்கொண்டேன். சருவத்தைத் தலையில் வைக்கக் குனிந்தவள் நிமிரவே இல்லை.

“என்னத்துக்கு அப்பிடிச் சொன்ன செலின்? நிசமாட்டுத் திரும்புவாளா?”

“திரும்ப மாட்டா டீச்சரே. ஒரு நாளும் திரும்புனது இல்ல.”

“அப்ப?”

“நீங்க எனக்க பிள்ளைய நாக்காலியில ஏத்தி வச்சு, எல்லாரும் பாக்க, அவ முழிச்சிட்டு இருந்தா பாத்தியளா? எனக்குப் பொறுக்கல்ல. ஊருல எனக்க பிள்ளைக்கிப் பேரு இல்ல டீச்சரே, ஊமைன்னுதான் விளிப்பாவ. இஞ்ச வந்தப் பொறவுதான் எனக்க பிள்ளைக்கி நாலு பேரு கைதட்டுனாவ. அதையும் நீங்க பறிக்கப் பாத்திய.”

“மக்களே, ஆப்பரேஷன் பண்ணுனா அவளுக்கு நிசமாட்டே கேக்கும்.”

“தலையக் கீறணுமாம். புத்தி போயிருமுன்னு செல்லுதாவ. சாருட்ட கேட்டேன். நல்லாத்தான் கேக்குது, ஒண்ணும் பயப்படாண்டாம்னு சொன்னாரு. படிச்ச மனுசன் பொய் செல்லுவாரா?”

அவளிடம் கோபப்பட என்னால் முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை. பிள்ளை திணறுவதைப் பார்த்துக்கொண்டு எந்த அம்மா தாடையை அசைக்காமல் இருப்பாள்? அந்தக் கைதட்டலுக்கு அவளைப் பழக்கியவர்கள் நாங்கள். பொய் சொல்லாத படிச்ச மனுசனை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அதன் பிறகு செலின் வரவில்லை. பஸ் பிடித்துக் கடியப்பட்டணம் போனேன். திருவனந்தபுரத்தில் மூளை அலையைப் பார்த்துச் சொல்கிற பரிசோதனை உண்டு, அங்கே யார் தாடையும் தாளம் போட முடியாது, கூட்டிக்கொண்டு போகிறேன், கூட வந்தால் மட்டும் போதும் என்றேன். கதவை முழுதாகத் திறக்காமலே கேட்டாள். கொச்சியிலிருந்து போனில் பேசிய அவள் வீட்டுக்காரர், “சார் சொல்லியாச்சு டீச்சரே, இனி விட்டிருங்க” என்றார். இன்னொரு தடவை போனேன். கதவு பூட்டியிருந்தது. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது. அந்த இழுபறியிலேயே பிரின்ஸிக்கு ஆறு முடிந்துவிட்டது.

புதுக் கட்டடம் வந்தது. நீங்கள் உட்கார்ந்திருக்கிற கட்டடம்தான். டைல்ஸ் தரை, தட்டினால் அதிராது. திறப்பு விழா முடிந்து சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நீங்க சொன்னது சரிதான் டீச்சர். நேரம்தான் சரியில்ல” என்றார். பிறகு பெரிய வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டார். நான் ஏன் அன்றைக்கே வேலையை விட்டுப் போகவில்லை என்று உங்களுக்குத் தோன்றும். மற்றப் பிள்ளைகளுக்காக இருந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். வேறு வேலை கிடைக்காது என்பதும் உண்மை. அந்தப் படத்தைக் கழற்றச் சொல்லி ஓய்வுபெறும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். கட்டடம் கொடுத்தவர்கள் வருத்தப்படுவார்கள் என்றே கடைசிவரை பதில் வந்தது.

நாற்காலியில் ஏற்றியது சரிதானா என்று இன்னும் யோசிக்கிறேன். சரிதான் என்றே ஒவ்வொரு தடவையும் முடிகிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாள், செலினை மட்டும் மாடிக்குக் கூட்டிப்போய், நாற்காலியையும் பலகையையும் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. சாரை எப்படிச் சமாளிப்பது என்பதிலேயே அந்த வாரம் முழுவதும் போயிற்று. நீங்கள் பிள்ளையின் தாளத்தைச் சோதிக்கும் முன் துணி வளையத்தைக் கையில் எடுங்கள், தரையைப் பாருங்கள், நிழலைப் பாருங்கள். அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்றும் பாருங்கள். அவளிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், தனியாக, கைதட்ட யாரும் இல்லாத இடத்தில்.

ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்னால் திங்கள்சந்தை பஸ் நிலையத்தில் அவர்களைப் பார்த்தேன். பிரின்ஸி நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். காதில் கருவி இல்லை. தூரத்திலிருந்தே என்னைக் கண்டுகொண்டாள். ஓடிவந்து எதிரே நின்று, இரண்டு கையையும் விரித்து, என் முகத்தையே பார்த்தாள். என் புருவம் அசைவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. கல்லாக நின்றேன்.

பின்னாலேயே செலின் வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சருவத்தைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, மகளுக்குப் பின்னால், அவள் முதுகை ஒட்டி நின்றாள். நான் அன்றைக்கு நின்ற மாதிரியே.

“பிரின்ஸி” என்று கூப்பிட்டாள்.

பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி பிரின்ஸி!”

பஸ்ஸுக்கு நின்ற பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிரின்ஸி திரும்பவில்லை. விரித்த கை விரித்தபடியே இருந்தது. செலின் அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

“பாருங்க டீச்சரே, இப்பம் நான் தாடைய ஆட்டல்ல” என்றாள்.